நீரில் விட்ட மீன்

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவது நற்செயலா? கேட்டவுடன் ‘ஆம்’ என்று சொல்லத் தோன்றும் வினா இது. நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில், பவல் ஏரி என்னும் நீர்த்தேக்கத்தில், வாழ்நாளில் முதன்முறையாகத் தூண்டிற்கோலைக் கையில் எடுத்த அன்று அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. அன்று தொடங்கி நம் உள்ளத்தை விட்டு அகலாத சில எண்ணங்களை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்காலம் முழுவதும் அப்பகுதியிலுள்ள பங்கு ஒன்றில் மாற்றுப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அரிசோனா, யூட்டா என்னும் இரு மாநிலங்கள் சந்திக்கும் எல்லை அது. ஓராண்டில் பெய்யும் மழையை அளந்தால் ஒரு சாண் உயரங்கூட வராது. அத்தகைய வறண்ட நிலத்தினூடே, செம்மணற்பாறைகளை அறுத்துக்கொண்டு கொலராடோ ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே 1956இல் கிளென் கேன்யன் அணையின் பணி தொடங்கிற்று. 1963 மார்ச்சில் நீரைத் தேக்கத் தொடங்கினர். 216 மீட்டர் உயரமுள்ள அந்த அணையின் பின்னே நீர் முழுக்கொள்ளளவை எட்டுவதற்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 1980இல் நிரம்பி நின்றபோது அதன் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 1869இல் அந்த ஆற்றின் வழியே படகுகளில் துணிந்து சென்ற, போரில் ஒரு கையை இழந்திருந்த ஜான் வெஸ்லி பவல் என்பாரின் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர்.

ஏரி என்றவுடன் கரையையும் கலங்கலையும் அதன் கீழே விரிந்த வயல்களையும் நம் மனம் தேடும். அங்கே அவை எதுவும் இல்லை. செங்குத்தான பாறைச் சுவர்கள் நேரே நீருக்குள் இறங்குகின்றன. நீர் வற்றிய உயரமெல்லாம் சுண்ணப் படிவு வெண்பட்டையாக ஒட்டியிருக்கிறது. பாலையின் நடுவில் இவ்வளவு நீர் நிற்பதைக் காணும்போது மகிழ்ச்சியும் ஒருவித அச்சமும் சேர்ந்தே எழுகின்றன.

நமக்கு மீன்பிடிக்கக் கற்றுத் தந்தவர் அந்தப் பங்கைச் சேர்ந்த ஒரு முதியவர். ஓய்வு பெற்றபின் தம் நாள்களில் பாதியை நீரின்மேல் கழிப்பவர். தூண்டிலைப் பற்றியோ நூலைப் பற்றியோ பேசுவார் என்று காத்திருந்தோம். அவரோ எத்தனை பை பனிக்கட்டி வாங்க வேண்டும் என்பதிலேயே தம் பாடத்தைத் தொடங்கினார். இரண்டாவது பாடம் உரிமச் சீட்டு. மூன்றாவது பாடம் நெத்திலி. ஆம், நம் கடற்கரைகளில் கருவாடாகும் அதே நெத்திலியின் இனம்! உறைய வைத்த நெத்திலியை அங்கே பொட்டலமாக விற்கிறார்கள். நாம் குழம்புக்கு வாங்குவதை அவர்கள் மீனுக்கு இரையாக வாங்குகிறார்கள்.

பிடிக்க வேண்டிய மீனின் பெயர் ஸ்ட்ரைப்ட் பாஸ். நம் கொடுவாவை ஓரளவு நினைவூட்டும் உடல், வெள்ளி நிறம், செவுள் தொடங்கி வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். இக்கட்டுரையில் அதனை வரிமீன் என்றே குறிப்போம்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு முறை எளிது. பாறைச் சுவரை ஒட்டி, ஆழமான ஓரிடத்தில் படகின் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நெத்திலியை இரண்டு மூன்றாக நறுக்கி, ஒரு துண்டைச் சிறு ஈயக்குண்டு கோத்த தூண்டிலில் மாட்டி, ரீலைத் திறந்து, நூலைத் தன்போக்கில் இறங்க விட வேண்டும். மற்றத் துண்டுகள் சிலவற்றை நீரில் தூவ வேண்டும். நாற்பது, ஐம்பது அடி இறங்கியபின் நூல் திடீரென நின்றாலோ விரைந்து ஓடினாலோ கீழே மீன் இரையைக் கவ்விவிட்டது என்று பொருள். இம்மீன் கூட்டமாக வாழ்வது. ஒன்று அகப்பட்டுத் துள்ளும்போது மற்றவை அதனைச் சூழ்ந்துகொண்டு மேலே வரும். அப்போது யாராவது ஒருவருடைய தூண்டில் எப்போதும் நீருக்குள் இருந்தாக வேண்டும்; இல்லையேல் கூட்டம் கலைந்துவிடும். பேதுரு தூண்டில் போட்டதாக நற்செய்தியில் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. மற்ற இடங்களிலெல்லாம் வலைதான். அவருக்கும் இந்தப் பொறுமை பிடித்திருக்காது என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

அரைமணி நேரத்தில் நம் நூல் நின்றது. கோல் வளைந்தது. நெஞ்சு படபடக்க ரீலைச் சுற்றினோம். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மீன். கையில் எடுத்துப் பார்த்தபோது தலை பெரிதாகவும் உடல் ஒடுங்கியும் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடிற்று. அந்தக் கண்ணைப் பார்த்தபின் அதனைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போட நமக்கு மனம் வரவில்லை. பிடிப்பதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதியவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதையும் மீறி, தூண்டிலைக் கழற்றி, குனிந்து, மெதுவாக நீரில் விட்டோம். நிமிர்ந்தபோது நம் உள்ளத்தில் இனிய நிறைவு ஒன்று பரவியதை மறைப்பதற்கில்லை.

மீன் இரண்டு முறை வாலை அசைத்தது. பின் பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய, படகிலிருந்து பத்தடி தொலைவில் மிதந்தது. முதியவர் எதுவும் பேசாமல் கைவலையை நீட்டி அதனை அள்ளியெடுத்து, கத்தியின் பிடியால் தலையில் ஓர் அடி அடித்து, செவுளை அறுத்துப் பனிக்கட்டிக்குள் வைத்தார். பிறகே சொன்னார்: “ஃபாதர், அது ஐம்பது அடி ஆழத்திலிருந்து வந்தது. கீழே குளிர்ந்த நீர், மேலே வெதுவெதுப்பான நீர். இனி அதனால் கீழே இறங்க முடியாது.”

ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை ஊதிவிடுகிறது. போராடிக் களைத்த உடலுக்கு மிகுந்த உயிர்வளி தேவை. வெப்பமான மேல்நீரிலோ அது குறைவு. கோடையில் இவ்வாறு விடப்படும் வரிமீன்களுள் பெரும்பகுதி பிழைப்பதில்லை. நாம் விட்ட மீன் நம் கண்முன்னேயே மிதந்தது. கண்ணுக்கு மறைவாக மிதந்திருந்தால், அந்த இனிய நிறைவோடு நாம் வீடு திரும்பியிருப்போம் அன்றோ?

இம்மீன் அந்த ஏரிக்கு எவ்வாறு வந்தது என்பதை அறியாமல் மேலே செல்ல இயலாது. இதன் தாயகம் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரை. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறுகளுக்குள் ஏறி வரும் இனம் இது. 1879இல் நூற்றுச் சொச்சம் குஞ்சுகளை இரயில் வண்டியில் ஏற்றிக் கண்டத்தின் மறுகோடியிலுள்ள சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கொண்டுபோய் விட்டனர். தெற்குக் கரோலினாவில் 1940களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அணைகளுக்குப் பின்னே சிக்கிக்கொண்ட வரிமீன்கள் கடலுக்குத் திரும்பாமலேயே வாழ்ந்து பெருகியதைக் கண்டபின், இதனை நீர்த்தேக்கங்களிலும் வளர்க்கலாம் என்ற எண்ணம் நாடெங்கும் பரவிற்று. பவல் ஏரியில் முதலில் இரை வந்தது. மத்தி இனத்தோடு உறவுடைய ஷாட் என்னும் சிறுமீனை 1968இல் விட்டனர். அதனை உண்ண 1974இல் வரிமீனை விட்டனர்.

இம்மீனின் முட்டை ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஓடும் நீரில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். சேற்றில் புதைந்தால் மடிந்துவிடும். ஆகையால் தேங்கிய நீரில் இது தானாகப் பெருகாது என்றும், எத்தனை குஞ்சுகளை விடுகிறோமோ அந்த அளவே மீன் இருக்கும் என்றும் எதிர்பார்த்தனர். 1979இல் அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. தெளிந்த நீரில் முட்டைகள் பொரிந்து, ஏரியிலேயே குஞ்சுகள் தோன்றியிருந்தன. அதன்பின் எண்ணிக்கை மனிதர் கையில் இல்லை.

பெருகிய கூட்டம் ஷாட் மீன்களைத் தின்று தீர்த்தது. தின்று தீர்த்தபின் பட்டினி. பட்டினியில் வரிமீன் குறைய, ஷாட் மீண்டும் தழைக்கும்; அதன்பின் வரிமீனும் தழைக்கும். இச்சுழற்சியில் மிகவும் வருந்துபவை வளர்ந்த மீன்களே. இளமீன்கள் வெப்பத்தைத் தாங்கும். ஷாட் திரியும் மேல்நீரில் அவை கோடையிலும் வேட்டையாடும். முதிர்ந்தவற்றால் அவ்வெப்பத்தைத் தாங்க முடியாது. அவை குளிர்ந்த ஆழத்தில் தங்கிவிடுகின்றன. தலைக்கு மேலே உணவு திரிகிறது. எட்டிப் பிடிக்க வழியில்லை. நம் கையில் இருந்த மீனின் பெரிய தலைக்கும் ஒடுங்கிய உடலுக்கும் காரணம் அதுவே.

இதனாலேயே பவல் ஏரியில் வரிமீனுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்கப்படவில்லை. பிடித்ததைத் திரும்ப விடாதீர், கொண்டுபோய் உண்ணுங்கள் என்பதே மீன்வளத் துறையினரின் நெடுநாளைய வேண்டுகோள். கரையில் மீனை அறுத்துத் துப்புரவு செய்யவும் இடம் அமைத்திருக்கிறார்கள்.

ஆக, நம் தொடக்க வினாவுக்கு அந்த ஏரியில் கிடைத்த விடை ‘இல்லை’ என்பதே. ஆயினும் மீன் மிதந்ததைக் காட்டிலும் நம்மை உறுத்தியது, அது மிதப்பதற்கு முன் நமக்குள் பரவிய அந்த இனிமை. அந்த இரக்கம் யாருடைய துன்பத்தைத் தீர்த்தது? கொல்ல வேண்டியிருந்த நம் சங்கடத்தைத் தீர்த்தது. மீனுக்கு அதனால் விளைந்தது சற்று நீண்ட சாவு.

இதனை எழுதும்போது வேறொரு முகம் நினைவுக்கு வருகிறது. முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஊரில், குடிக்கு அடிமையான ஒருவர் மாலை வேளைகளில் பங்கு இல்லத்திற்கு வருவார். பிள்ளைகளுக்குச் சோறில்லை என்பார். ‘இல்லை’ என்று சொல்ல நம்மால் இயலாது. கையில் இருப்பதைக் கொடுப்போம். அவர் சென்றபின் நமக்கு நிம்மதி. மனைவியை அழைத்துப் பேசியிருக்கலாம்; அரிசியை வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம்; மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவரோடு காத்திருந்திருக்கலாம். அவற்றுக்கெல்லாம் நேரமும் மனத்திடமும் வேண்டும். பணம் கொடுக்க அரை நிமிடம் போதும். இரண்டாண்டுகள் கழித்து அவரை அடக்கம் செய்தவரும் நாமே. அந்த அம்மையார் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. பவல் ஏரியில் குனிந்து மீனை விட்டபோது நமக்குள் பரவியது, அந்த மாலைகளில் பரவிய அதே நிம்மதிதான் என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, விலங்குகளிடம் கொடுமை காட்டலாகாது என்பதற்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் தரும் காரணத்தைக் கற்றோம். விலங்கிடம் கொடுமைக்குப் பழகிய உள்ளம் மனிதரிடத்தும் கொடுமைக்குத் துணியும் என்பது அக்காரணம். அன்று அது நமக்குப் போதுமானதாகத் தோன்றியது. இன்று அதில் ஒரு குறை தெரிகிறது. அதுவும் மனித உள்ளத்தின் நலத்தையே பார்க்கிறது. நாம் மீனை விட்டபோதும் நம் உள்ளத்தின் மென்மையையே பார்த்துக்கொண்டோம். இரண்டிலும் மீன் இல்லை. அது எந்த ஆழத்திலிருந்து வந்தது, எதைத் தின்கிறது, இனி எங்கே போகும் என்று கேட்பதிலிருந்துதான் அதன்மேல் காட்டும் இரக்கம் தொடங்க முடியும்.

அப்படியானால் ‘எல்லாவற்றையும் கொல்’ என்பதோடு வினா முடிந்துவிடுமா? இங்கேதான் நமக்கு மிகுந்த தயக்கம். அதற்குக் காரணம் அதே ஆற்றுத் தொகுதியில் நடந்த வேறொரு நிகழ்ச்சி. கொலராடோவின் கிளை ஆறான கிரீன் ஆற்றில் பிளேமிங் கார்ஜ் அணை நீரைத் தேக்கும் முன், 1962 செப்டம்பரில், அரசு மீன்வளத் துறையினரே அவ்வாற்றிலும் அதன் துணையாறுகளிலும் 400 மைலுக்கு மேற்பட்ட நீளத்திற்கு ரோட்டினோன் என்னும் நஞ்சைக் கலந்தனர். தூண்டிற்காரர் விரும்பும் டிரவுட் மீனுக்கு இடம் வேண்டும் என்பதற்காக! அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த நாட்டுமீன்கள் ‘குப்பை மீன்’ என்று பெயர் பெற்றிருந்தன. நஞ்சு திட்டமிட்ட எல்லையையும் தாண்டிச் சென்றது. அந்நாட்டுமீன்களுள் ஒன்று, ஆறடி வரை வளரக்கூடிய பைக்மின்னோ. முதல் குடியேறிகள் அதனை விரும்பி உண்டிருக்கிறார்கள். 1967இல் அதே பைக்மின்னோவை அரசு அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. குப்பை என்று நஞ்சிட்டதற்கும் காக்க வேண்டியது என்று அறிவித்ததற்கும் இடையே ஐந்தே ஆண்டுகள்.

ஆகவே, இன்று வரிமீனை ‘மிகை’ என்று சொல்லும்போது குரல் சற்றுத் தாழ வேண்டும் என்று எண்ணுகிறோம். அது தானாக வரவில்லை. நம் போன்ற மனிதர் கொண்டுவந்தனர்; விளையாட்டுக்காகக் கொண்டுவந்தனர்; கணக்குத் தவறியதும் மனிதருடையதே. அம்மீனைப் பிடித்துக் குறைப்பது கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது கடன்பட்டவனின் கடமை. கடனைத் திருப்பிக் கொடுப்பவன் ஆரவாரம் செய்துகொண்டு கொடுப்பதில்லை. 2023 தொடக்கத்தில் ஏரியின் நீர்மட்டம், நிரம்பிய நிலையிலிருந்து ஏறத்தாழ 180 அடி தாழ்ந்து, நிரம்பத் தொடங்கிய காலத்திற்குப்பின் அதுவரை காணாத அளவை எட்டியது. அணையையும் ஏரியையும் மீனையும் உண்டாக்கிய கணக்குகள் அனைத்தும் இவ்வாறு ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு வருகின்றன.

இவ்வளவையும் அந்த முதியவர் சொற்களில் சொன்னவர் அல்லர். தம் பழக்கத்தில் வைத்திருந்தார். சட்டம் வரம்பு வைக்கவில்லை, அவர் வைத்திருந்தார். பனிக்கட்டிப் பெட்டி நிறைந்தவுடன், கீழே கூட்டம் இன்னும் கவ்விக்கொண்டிருந்தாலும், கோலை மடக்கிவிடுவார். “இதற்குமேல் இன்றிரவு என்னால் அறுக்க முடியாது” என்பார். யாருக்குக் கொடுப்பது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்திருப்பார்: இந்த வீட்டுக்கு இத்தனை, அந்த விதவைக்கு இத்தனை. அணைப்பக்கத்துப் பெரிய மீன்களில் பாதரசம் உண்டு என்று அரசு எச்சரித்திருப்பதால், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு அவற்றைத் தருவதில்லை. மீன் பிடிக்கத் தொடங்குவோர் பலர் எந்தத் தூண்டில், எந்த நூல் என்று கேட்கிறார்கள். அவர் பனிக்கட்டியிலிருந்து பாடத்தைத் தொடங்கியதன் காரணம் நமக்குத் தாமதமாகவே விளங்கிற்று.

ஆகஸ்டு மாதத்தில் இன்னொரு முறை அவரோடு சென்றோம். விடியும் வேளையில் கண்ணாடிபோல் கிடந்த நீர், நூறடி தொலைவில் திடீரெனக் கொதிப்பதுபோல் பொங்கிற்று. இள வரிமீன்கள் ஷாட் கூட்டத்தைக் கீழிருந்து மேலே துரத்தி, நீர்ப்பரப்பில் வளைத்துத் தின்றுகொண்டிருந்தன. சிறுமீன்கள் காற்றில் தெறித்தன. இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஓசையின்றி மிதந்து நெருங்கி, மேல்மிதக்கும் போலி இரையை வீச வேண்டும். படகு மிக நெருங்கினால் கூட்டம் ஒரே நொடியில் மறைந்துவிடும். நாம் வீச மறந்து பார்த்துக்கொண்டே நின்றோம். முதியவரும் நம்மை விரைவுபடுத்தவில்லை. அன்று அகப்பட்ட மீன்கள் கொழுத்திருந்தன.

முதல் நாளின் மாலையை மட்டும் இன்னும் சொல்லவில்லை. கரைக்குத் திரும்பி, துப்புரவு மேசையில் பதினெட்டு மீன்களை அடுக்கினோம். தோலை ஒட்டிய செந்நிறத் தசையை நீக்கிவிட்டு, வெண்சதையைப் பட்டை பட்டையாக எடுக்கும் முறையை முதியவர் கற்றுத் தந்தார். நம் கை நடுங்கிற்று. இரண்டு மூன்று மீன்களைப் பாழாக்கினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாம் நீரில் விட்ட மீனை அவர் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அதனை நம் பக்கம் நகர்த்தி, வயிற்றைத் திறக்கச் சொன்னார். குடல் நூல்போல் ஒட்டியிருந்தது. இரைப்பையில் மூன்று துண்டு நெத்திலி இருந்தது. காலையில் நாம் நறுக்கித் தூவியவை. வேறு எதுவும் இல்லை.